குப்பைமேனி சோப்பு உதிர்கிறது, மஞ்சள் சிவந்துவிட்டது. எங்கே தவறு?

புதுமோல்டு:

வணக்கம். கோல்ட் ப்ராசஸ் முறையில் (அடுப்பில் காய்ச்சாமல், எண்ணெயையும் காஸ்டிக் கரைசலையும் கலந்து மோல்டில் ஊற்றுவது) ஒரு பேட்ச் போட்டேன். போட்டதை அப்படியே தருகிறேன்.

செக்குத் தேங்காய் எண்ணெய் 1 லிட்டர்
காஸ்டிக் சோடா 180 கிராம் (செதில், பாக்கெட்டில் 98% என்று இருக்கிறது)
தண்ணீருக்குப் பதில் வடிகட்டிய குப்பைமேனிச் சாறு 350 மிலி
கஸ்தூரி மஞ்சள் தூள் 2 டேபிள்ஸ்பூன்
எலுமிச்சைச் சாறு 50 மிலி
தேன் 2 டேபிள்ஸ்பூன்

காலை 10 மணிக்கு மோல்டில் ஊற்றித் துண்டு போட்டு மூடினேன். ஒரு மணி நேரத்தில் நடுப்பகுதி வீங்கி நீளமாக ஒரு வெடிப்பு. மறுநாள் காலை கத்தி வைத்தால் துண்டாக வரவில்லை, சுண்ணாம்புக்கட்டி மாதிரி உதிர்ந்தது. பச்சை நிறத்தின் சுவடே இல்லை, செங்கல் நிறம். ஆறாம் நாள் கை கழுவிப் பார்த்ததில் தோல் இழுக்கிறது, எரிச்சலும் இருக்கிறது.

ஆறு வாரம் கியூரிங் ஆனால் காரம் போய்விடும் என்கிறார்கள். உண்மையா? மஞ்சள் சிவந்தது எதனால்? இந்த மூலிகைகளை அடுத்த பேட்சில் போடலாமா, கூடாதா?

எவர்சில்வர்_குண்டான்:

முதலில் மூலிகைகளை விட்டுவிடுங்கள். உங்கள் தவறு "1 லிட்டர்" என்ற இடத்திலேயே தொடங்கிவிட்டது.

சோப்புக் கணக்கு முழுக்க எடையில்தான். 1 லிட்டர் எண்ணெய் 1000 கிராம் கிடையாது, 910 முதல் 920 கிராம் வரைதான் இருக்கும். கடை எண்ணெய்ப் பாக்கெட்டிலேயே இரண்டும் அச்சாகியிருக்கும், பாருங்கள். செக்கில் அளந்து ஊற்றி வாங்கும்போதுதான் இது மறந்துபோகிறது.

1 கிராம் தேங்காய் எண்ணெயைச் சோப்பாக்க 0.183 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா வேண்டும். காங்கேயத்து எண்ணெயோ கேரளத்து எண்ணெயோ, இந்த எண் பெரிதாக மாறாது. 920 × 0.183 = 168.4 கிராம். இது ஒரு சொட்டு எண்ணெய்கூட மிச்சமில்லாமல் எல்லாவற்றையும் சோப்பாக்கும் அளவு. நீங்கள் போட்டது 180. தூய்மை 98% என்று கழித்தால் 176.4. ஆக 8 கிராம் கூடுதல். எலுமிச்சைச் சாற்றில் உள்ள சிட்ரிக் அமிலம் அதில் 2 கிராமுக்குச் சற்றுக் குறைவாகத் தின்றிருக்கும். மிச்சம் 6 கிராம் காஸ்டிக் கட்டிகளுக்குள் சும்மா உட்கார்ந்திருக்கிறது. கையில் எரிவது அதுதான், குப்பைமேனி இல்லை.

கியூரிங் என்பது தண்ணீர் வற்றி, சோப்பு இறுகி, நுரை நன்றாக வருவதற்காக. கணக்கில் மிஞ்சிய காரத்தை அது எடுத்துவிடாது. சேர்ந்துகொள்ள எண்ணெய் இருந்தால்தானே காரம் குறையும்? காற்றில் உள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து மேல்பக்கம் கொஞ்சம் சோடா உப்பாக மாறும், அவ்வளவுதான். வெளியே வெள்ளைப் பொடியாகத் தெரிவது அது. ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும், உள்ளே இருப்பது போகாது.

சந்தேகம் இருந்தால் நாக்குச் சோதனை செய்யுங்கள். விரலை நனைத்துச் சோப்பின் மேல் நன்றாகத் தேய்த்து, அந்த விரலை நாக்கு நுனியில் லேசாகத் தொடவும். 9 வோல்ட் பேட்டரியைத் தொட்டாற்போல் சுரீர் என்றால் காரம் மிச்சம். வெறும் சோப்புக் கசப்பு மட்டும் என்றால் பிரச்சினை இல்லை. வெட்டின இடத்தில் நடுவிலும் ஓரத்திலுமாக நாலைந்து இடங்களில் பாருங்கள். பிறகு வாயைக் கொப்பளித்துவிடுங்கள். பிஎச் தாளை இதற்கு நம்பாதீர்கள். ஒழுங்கான சோப்பே 9, 10 காட்டும். "பிஎச் 5.5 கையால் செய்த சோப்பு" என்று விற்பவர்கள் எதை விற்கிறார்களோ, அது காஸ்டிக்கும் எண்ணெயும் சேர்ந்த சோப்பு அல்ல. அவ்வளவு கீழே போனால் சோப்பு பிரிந்து மறுபடி கொழுப்பமிலமாகிவிடும்.

தூக்கிப்போட வேண்டாம், திருத்தலாம். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் துருவுங்கள். எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு, 190 கிராம் கடலை எண்ணெய், 60 மிலி தண்ணீர் சேர்த்து, கொதிநீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் இறக்கி மூடி வையுங்கள். கால் மணிக்கு ஒருமுறை கரண்டியால் அடியோடு புரட்டுங்கள். ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் வாஸ்லின் மாதிரி பளபளப்பு வரும். அப்போது நாக்குச் சோதனை. சுரீர் இல்லையென்றால் மோல்டில் அடைத்துத் தட்டிவிடுங்கள். மேல்பக்கம் மேடுபள்ளமாக இருக்கும், பயன்பாட்டுக்குக் குறையில்லை.

190 எப்படி வந்தது? கடலை எண்ணெய்க்கு 0.137. 190 × 0.137 = 26. மொத்தத் தேவை 168.4 + 26 = 194.4. உள்ளே இருக்கும் நிகரக் காஸ்டிக் சுமார் 174.6. ஆக 10% எண்ணெய் சோப்பாகாமல் தோலுக்கு மிஞ்சும். சூப்பர்ஃபேட் என்பது இதுதான். 120 கிராம் போட்டாலும் காரம் அடங்கிவிடும், ஆனால் பெரும்பகுதி தேங்காய் எண்ணெய் என்பதால் தோலை இழுத்துக்கொண்டே இருக்கும்.

அலுமினியப் பாத்திரம் மட்டும் பக்கத்திலேயே வரக்கூடாது. காஸ்டிக் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவை விடும்.

மகிழம்பூ:

மஞ்சள் சிவந்ததுக்குப் பயப்பட வேண்டாம். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணியில சுண்ணாம்பு போட்டா என்ன ஆகுது? அதேதான் உங்க மோல்டிலும் நடந்திருக்கு. மஞ்சளில் இருக்கும் குர்குமின், காரம் பட்டால் சிவக்கும். சோப்பு எப்பவுமே காரம்தான் என்பதால் சரியான அளவில் போட்ட சோப்பிலும் முதல் நாள் செங்கல் நிறம் வரும். அதனால "சிவந்திருக்கு, எனவே காஸ்டிக் அதிகம்" என்ற முடிவு தப்பு. வாரங்கள் போகப்போக காவி கலந்த மஞ்சளுக்கு இறங்கும். வெயில் படுற அலமாரியில் வெச்சா அதுவும் வெளுத்துடும்.

2 டேபிள்ஸ்பூன் ரொம்ப அதிகம். 1 கிலோ எண்ணெய்க்கு 1 டீஸ்பூன், மிஞ்சினா 2 டீஸ்பூன். அதுக்கு மேல போனா துண்டும் பனியனும் கறையாகும். மஞ்சள் நிறம்தான் வேணும்னா ஜாப்ரா விதையை (அன்னாட்டோ) எண்ணெயில் ஊறவெச்சு வடிகட்டிப் போடுங்க, காரத்திலும் அந்த மஞ்சள் நிக்கும். மஞ்சிட்டி வேர்ப்பொடி போட்டா ரோஜாவும் ஊதாவும் கலந்த நிறம். நீலத்துக்கு அவுரி என்பார்கள், அதில ஒரு குழப்பம் இருக்கு. தலைச்சாயத்துக்கு விக்கிற அவுரி இலைப்பொடியைப் போட்டா அழுக்குப் பச்சைதான் வரும். இலையை ஊறவெச்சுப் பிரிச்சு எடுத்த நீலக்கட்டி வேணும், திண்டிவனம் பக்கம் எடுக்கிறாங்களே, அது. 1 கிலோவுக்கு கால் டீஸ்பூன் போதும்.

குப்பைமேனிக்கு வருவோம். பச்சை இலையின் நிறத்துக்குக் காரணமான பச்சையம் காஸ்டிக்கில் முதலில் கரும்பச்சை, பிறகு வெளிச்சம் பட்டுப் பழுப்பு. வேப்பிலை, துளசி, முருங்கை எல்லாத்துக்கும் இதே கதிதான். அரைச்ச இலையை வடிகட்டாமப் போட்டா இன்னும் மோசம். நார்த்துணுக்கைச் சுத்தி பழுப்பு வளையம் வரும், சில சமயம் பூஞ்சையும் வரும்.

இலையின் சாரம் கொஞ்சமாவது வேணும்னா எண்ணெய் வழியா கொண்டுவாங்க. நிழலில் காயவெச்ச இலை, கையில் நொறுக்கினா பொடியாகணும், 60 கிராம். 1 லிட்டர் எண்ணெய். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள்ள வெச்சு 60, 70 டிகிரியில் 3 மணி நேரம், இல்லேன்னா மூடிய ஜாடியில் 3 வாரம். ஈரம் இருந்தா எண்ணெய் சிக்கு வாசனை அடிக்கும். வடிகட்டின பிறகு மறுபடி எடை போடுங்க, இலை ஒரு பங்கு எண்ணெயைக் குடிச்சிருக்கும். அந்தப் புது எடைக்குத்தான் காஸ்டிக் கணக்கு. இப்படி வர்றது எண்ணெயில் கரையும் பொருட்கள் மட்டும்தான் என்பதையும் மனசில வெச்சுக்கோங்க. அதிலும் பாதி, தண்ணி ஊத்தினதும் வடிகாலுக்குப் போயிடும். ஒரு நிமிஷம் தோலில் நிக்கிற பொருளிடம் சொறி சிரங்கு போகணும்னு கேக்கிறது நியாயமில்ல.

எவர்சில்வர்_குண்டான்:

மகிழம்பூ சொன்னதோடு, வெடிப்புக்குக் காரணத்தையும் சேர்க்கிறேன். தேன். சர்க்கரை எந்த உருவில் வந்தாலும் மோல்டுக்குள் சூடு ஏறும். தேங்காய் எண்ணெய் தானே வேகமாகச் சூடேறுவது. அதற்கு மேல் துண்டு போர்த்தினால் வீங்கி வெடிக்காமல் என்ன செய்யும்? நம் ஊர் வெயிலுக்குப் போர்த்தவே வேண்டாம். தேன் 1 கிலோவுக்கு 1 டேபிள்ஸ்பூனுக்கு மேல் வேண்டாம். அதையும் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, சோப்பு மாவு கெட்டியாகத் தொடங்கும்போது, அதாவது ட்ரேஸ் வந்த பிறகு ஊற்றுங்கள்.

உதிர்ந்ததற்கு இரண்டு காரணம். கூடுதல் காஸ்டிக் ஒன்று. மற்றது நேரம். வெறும் தேங்காய் எண்ணெய்ச் சோப்பை 5, 6 மணி நேரத்தில், இன்னும் இளஞ்சூடாக இருக்கும்போதே வெட்ட வேண்டும். மறுநாள் என்றால் கல். தனித்தனிக் குழி உள்ள சிலிக்கான் மோல்டு என்றால் வெட்டும் வேலையே இல்லை.

எலுமிச்சையால் தோலுக்கு ஒன்றும் கிடைக்காது. அமிலம் காஸ்டிக்கோடு சேர்ந்து சோடியம் சிட்ரேட் ஆகிவிடும். அந்த சிட்ரேட்டுக்கு வேறொரு பயன் உண்டு, உப்புத்தண்ணீரில் சோப்புப் படலம் படிவதைக் குறைக்கும். அதற்காக என்றால் சாறு வேண்டாம், சிட்ரிக் அமிலமாகவே அளந்து போடுங்கள். நீரில்லாத சிட்ரிக் அமிலம் 10 கிராம் போட்டால் காஸ்டிக்கில் 6.2 கிராம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அடுத்த பேட்சுக்கு:

தேங்காய் எண்ணெய் 550 கிராம் (× 0.183 = 100.7)
கடலை எண்ணெய் 350 கிராம் (× 0.137 = 48)
விளக்கெண்ணெய் 100 கிராம் (× 0.128 = 12.8)

கூட்டினால் 161.5. அதில் 7% குறைத்தால் 150 கிராம் சுத்தக் காஸ்டிக். உங்கள் செதில் 98% என்றால் 153 கிராம். 150 மட்டும் போட்டாலும் தப்பில்லை, சூப்பர்ஃபேட் 9% ஆகும். தண்ணீர் 300 கிராம், வடிநீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர். குழாய்த் தண்ணீரில் இரும்பு இருந்தால் பின்னால் ஆரஞ்சுப் புள்ளியாகத் தலைகாட்டலாம். மொத்தம் 1450 கிராம் மாவு வரும், காய்ந்தபின் 1.3 கிலோ அளவில் நிற்கும்.

பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, காற்றோட்டம். தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும், காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றினால் பொங்கித் தெறிக்கும். கரைசல் 80 டிகிரியைத் தாண்டும். அதையும் எண்ணெயையும் 35, 40 டிகிரிக்கு வரவிட்டுக் கலக்குங்கள். கொடைக்கானல், ஊட்டிக்காரர்கள் எண்ணெயை முதலில் முழுக்க உருக்கிக்கொள்ளுங்கள். 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையும். உறைந்த கொழுப்பு கெட்டியாகத் தெரிவதை ட்ரேஸ் என்று நம்பி மோல்டில் ஊற்றினால் அடியில் காஸ்டிக் தனியாகத் தேங்கிவிடும். ஸ்டிக் பிளெண்டரை விட்டு விட்டு ஓட்டுங்கள். மேலே வழியவிட்டால் கோலக்கோடு மாதிரி நின்றால் போதும்.

தோலில் தெறித்தால் வினிகர் தேடி ஓடாமல் குழாயைத் திறந்து 15, 20 நிமிடம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவியபடியே மருத்துவமனைக்கு.

வஸ்திரகாயம்:

மேலே எல்லாம் சரி. ஆனால் கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ எல்லாம் ஏன் காஸ்டிக்கில் வேக வேண்டும்? அவற்றுக்கு ஏற்கெனவே ஒரு இடம் இருக்கிறது, நலங்கு மாவு.

பச்சைப்பயறு 500 கிராம், கடலைப்பருப்பு 200, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ, ரோஜா இதழ் தலா 50, வெட்டிவேர் 25. வேரையும் கிழங்கையும் சிறு துண்டாக நறுக்கி 3 நாள் வெயில். பூக்கள் நிழலில். பயறை வறுக்க வேண்டாம், வெயில் போதும். கிழங்கு ஒடித்தால் "டக்" என்று முறிய வேண்டும், வளைந்தால் இன்னொரு நாள்.

அரைக்கக் கொடுக்கும் மில்லில் சீயக்காய்க்குத் தனி மெஷின் இருக்கிறதா என்று கேளுங்கள். மிளகாய் அரைத்த மெஷினில் ஓடினால் அந்த மாவை முகத்தில் வைக்க முடியாது. அரைத்து வந்ததும் சூடாக இருக்கும். அப்படியே டப்பாவில் அடைத்தால் வேர்த்துக் கட்டியாகி, இரண்டு மாதத்தில் வண்டு. செய்தித்தாளில் பரப்பி ஆறவிட்டு, முகத்துக்கு என்றால் மெல்லிய துணியில் சலித்து (என் பெயரே அதுதான்), ஈரம்படாத டப்பாவில் வையுங்கள். குளியலறையிலேயே டப்பாவை வைக்கிறார்கள் பாருங்கள், அதுதான் பாதி மாவு கெடக் காரணம். ஒரு வாரத்துக்கானதை மட்டும் சின்னக் கிண்ணத்தில் எடுத்து வைத்தால் போதும்.

கஸ்தூரி மஞ்சளில் ஏமாற்று அதிகம். கடையில் அடர்மஞ்சள் வில்லைகளாகக் கிடைப்பது பெரும்பாலும் வேறு கிழங்கு. அசல் உள்ளே வெளிர் நிறம், உடைத்தால் கற்பூர வாசனை. சமையல் மஞ்சள் மாதிரி கையில் கறை ஒட்டாது.

நாட்டு மருந்துக்கடையில் தரும் பட்டியலில் கார்போக அரிசி என்ற விதை இருக்கும். அதில் சோராலென் உண்டு. வெண்புள்ளிக்கு அதைப் பூசி வெயிலில் நிற்கச் சொல்வதே அது தோலை வெயிலுக்குக் கூச வைப்பதால்தான். தினக்குளியல் மாவில் போட்டு நன்றாகக் கழுவாமல் வெயிலில் போனால் சிவந்து கொப்புளிக்கலாம், கறுக்கலாம். குழந்தைகளுக்கான மாவில் அறவே வேண்டாம்.

புதுமோல்டு:

எல்லாருக்கும் நன்றி. நாக்கில் வைத்துப் பார்த்தேன், நாலு இடத்தில் மூன்றில் சுரீர். துருவி வைத்திருக்கிறேன், நாளை உருக்குகிறேன். இரண்டு கேள்வி மிச்சம். ஆட்டுப்பால் சேர்க்கலாமா? கற்றாழை ஜெல்லில் வைட்டமின் ஈ மாத்திரை உடைத்துப் போட்டால் எத்தனை நாள் தாங்கும்?

மகிழம்பூ:

ஆட்டுப்பால் தாராளமா. ஐஸ் கட்டியா உறையவெச்சுக்கணும். 300 கிராம் பால்கட்டி மேல காஸ்டிக்கை ஸ்பூன் ஸ்பூனா தூவி, கிண்ணத்தை ஐஸ் தண்ணியில் வெச்சுக் கலக்குங்க. அவசரப்பட்டா பால் சர்க்கரை கருகி ஆரஞ்சு நிறமாகும், அமோனியா நெடி வரும். நெடி காயக்காயப் போயிடும், நிறம் போகாது. பயமா இருந்தா 150 கிராம் காஸ்டிக்கை 150 கிராம் தண்ணியில் கரைச்சுட்டு, மீதி 150க்குப் பாலை எண்ணெயில் ஊத்திடுங்க. அந்த பேட்சில் தேன் வேண்டாம், பால் சர்க்கரையே சூட்டைக் கிளப்பும்.

வைட்டமின் ஈ எண்ணெய் சிக்கு பிடிக்காம தள்ளிப்போடும், அவ்வளவுதான். கிருமியை அது ஒண்ணும் செய்யாது. தண்ணி இருக்கிற எதுவும், கற்றாழையோ பன்னீரோ, பிரிசர்வேட்டிவ் இல்லாம ஃபிரிட்ஜில் ஒரு வாரம், அதுக்கு மேல வேண்டாம். மடலை வெட்டினதும் செங்குத்தா அரைமணி நேரம் நிறுத்தி அந்த மஞ்சள் பாலை வடியவிடுங்க, அரிப்புக்கு அதுதான் காரணம். விக்கிற எண்ணம் இருந்தா ஃபீனாக்ஸிஎத்தனால் சேர்ந்த பிரிசர்வேட்டிவ் 1%. சோடியம் பென்சோயேட் போடுறதா இருந்தா ஜெல்லின் பிஎச் 5க்குக் கீழே இருக்கணும், இல்லேன்னா வேலை செய்யாது.

வஸ்திரகாயம்:

விற்கும் பேச்சு வந்ததால் ஒன்று. குளியல் சோப்பு அழகுசாதனப் பட்டியலில் வருகிறது. 2020ஆம் ஆண்டின் காஸ்மெட்டிக்ஸ் விதிகளின்படி தயாரிக்க மாநில உரிம அதிகாரியின் உரிமம் வேண்டும். "படை, சொறி குணமாகும்" என்று லேபிளில் அடித்தால் அது மருந்துக் கணக்கில் போய்விடும். கடலை எண்ணெய் சேர்த்தால் அதை லேபிளில் எழுதுங்கள், ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கிறார்கள்.

எவர்சில்வர்_குண்டான்:

உருக்கும் முன் ஒரு விஷயம் புதுமோல்டு. துருவியதை மொத்தமாக எடை போட்டுப் பாருங்கள். கை கழுவிப் பார்த்தது, உதிர்ந்து கொட்டியது என்று கால் பங்கு குறைந்திருந்தால் 190 கிராம் எண்ணெயிலும் கால் பங்கைக் குறைக்க வேண்டும். அப்புறம் உங்கள் தராசு 1 கிராம் வித்தியாசம் காட்டுவதா, 0.1 காட்டுவதா? 1 கிலோ பேட்சுக்கு 1 கிராம் தராசு போதும். சோதனைக்கு 200 கிராம் எண்ணெயில் போடுவதென்றால் காஸ்டிக் 30 கிராம்தான் வரும். அதில் ஒரு கிராம் தவறினாலே சூப்பர்ஃபேட் 3% நகர்ந்துவிடும்.